உடைந்தால் யார் தலையில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதம் வந்துவிட்டால் நம் கன்னியாகுமரி மாவட்டச் செய்திப் பக்கத்தில் தவறாமல் ஒரு படம் வரும். ஏதோ ஒரு பள்ளியில் புது அறிவியல் ஆய்வகம். ரிப்பன், கத்தரிக்கோல், சால்வை, பின்வரிசையில் எக்கி எட்டிப்பார்க்கும் பிள்ளைகள். பார்த்தால் எனக்குச் சந்தோஷம்தான், கிண்டல் இல்லை. ஆனால் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் என் கண் விருந்தினருக்குப் பின்னால் நிற்கிற இரும்பு பீரோவுக்குப் போய்விடுகிறது. அதன் சாவி யாரிடம் இருக்கும்? அடுத்த வாரம் அது திறக்குமா? அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் இருக்கும். இடம் இல்லையென்று சுருக்கிப் போட்டாலும், இருப்புப் பதிவேடு பற்றிச் சொல்கிற பகுதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் பள்ளி குலசேகரத்துக்கு மேலே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது. பொறுப்பை ஒப்படைத்த சார் எனக்கு முதலில் காட்டியது வகுப்பறையை அல்ல, இருப்புப் பதிவேட்டை. வரிசையாகக் கையெழுத்துகள். அவருக்கு முன்னால் இருந்தவர், அவருக்கும் முன்னால் இருந்தவர். பீரோவைத் திறந்தால் பழைய செய்தித்தாளில் சுற்றிய லென்சுகள். முப்பட்டகம், வாங்கின அட்டைப்பெட்டிக்குள் வாங்கினபடியே இருந்தது. சட்ட காந்தங்களைப் பெட்டிக்குள் தாறுமாறாகப் போட்டு வைத்திருந்தார்கள். ஜோடி சேர்த்து, முனைகளில் இரும்புத் துண்டு வைக்காமல் வருடக்கணக்கில் கிடந்தால் அவை சக்தி இழந்துவிடும். ஒரு குண்டூசியைத் தூக்கக்கூட அவற்றுக்குத் தெம்பில்லை. ஆனால் பதிவேடு அதைக் கேட்பதில்லை. காந்தம் 4, இருப்பு 4. சரி.

இதில் ஆசிரியர்களைக் குற்றம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. வெளியே இருப்பவர்களுக்கு இந்தப் பதிவேட்டின் பயம் புரியாது. பணி மாறுதல் வந்தாலும் ஓய்வு பெற்றாலும் ஒவ்வொரு பொருளையும் எண்ணி ஒப்படைக்க வேண்டும். குறைந்தால் விளக்கம், விளக்கம் போதாவிட்டால் தொகை. உடைந்த பொருளைக் கணக்கிலிருந்து கழிக்க வழி இல்லாமல் இல்லை. பட்டியல் எழுத வேண்டும், மேலே அனுப்ப வேண்டும், ஆள் வந்து பார்க்க வேண்டும், ‘கண்டம்’, அதாவது இனி பயன்படாது, என்று எழுதித் தர வேண்டும். அதுவரை உடைந்த கண்ணாடித் துண்டையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஒரு தெர்மாமீட்டருக்காக இத்தனை தூரம் யார் நடப்பார்கள்? அதைவிட பீரோவைப் பூட்டி வைப்பது சுலபம். பிப்ரவரியில் பத்தாம் வகுப்பு செய்முறைத் தேர்வு வரும்போது திறந்து, தூசு தட்டி, மேஜையில் பரப்பி, முடிந்ததும் எண்ணி உள்ளே வைத்துவிடலாம். அறிவியலில் நூற்றுக்கு இருபத்தைந்து மதிப்பெண் செய்முறைக்கு. அந்த இருபத்தைந்தை எப்படிப் போடுகிறோம் என்பது ஊரறிந்த ரகசியம், நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் தொண்டராகப் போனவள் நான். ராத்திரி பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், வேலைக்குப் போய் அலுத்து வந்த பெண்கள் பாட்டும் கும்மியும் சிரிப்புமாக எழுத்துக் கற்றதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ இதழ் அப்போது கைக்குக் கை மாறும். அதில் வரும் சின்னச் சின்னச் செய்முறைகளை வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருந்தேன். பி.எட். படிப்பில் கிடைக்காதது அந்த நோட்டில் இருந்தது. அதனால் பீரோவைப் பார்த்து எனக்குப் பெரிய ஏமாற்றம் ஒன்றும் வரவில்லை. பதிவேட்டில் ஏறாத பொருள்களை வைத்து நடத்தலாம் என்று முடிவு செய்தேன். ஏறாத பொருள் உடைந்தால் யாரும் கேட்க முடியாதல்லவா.

ரப்பர் காட்டுப் பிள்ளைகளுக்குப் பொருளுக்கா பஞ்சம்? அப்பாவும் அம்மாவும் விடியும் முன்னே பால் வெட்டப் போய்விடுவார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் அந்த நேரம். பிள்ளைகளே எழுந்து, தம்பி தங்கையைக் கிளப்பிக்கொண்டு வருவார்கள். பையில் ஒட்டுப்பால் பந்து இருக்கும். மரத்தின் வெட்டுக்காயத்தில் காய்ந்து நிற்கிற பாலை நாடா போல உரித்து, சுற்றிச் சுற்றிச் செய்கிற பந்து. நாற்றம் சகிக்காது. முன்பெல்லாம் அதைப் பிடுங்கி ஆசிரியர் மேஜைக்குள் போடுவதுதான் வழக்கம். நான் ஒரு அளவுகோலைக் கொடுத்து, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் எத்தனை சென்டிமீட்டர் எழும்புகிறது என்று சுவரில் சாக்பீசால் கோடு போடச் சொன்னேன். அவ்வளவுதான் நான் சொன்னது. மீதியை அவர்களே பார்த்துக்கொண்டார்கள்.

பெரிய பந்து அதிகம் எழும்புமா, சின்னப் பந்தா? சிமெண்ட் தரையில் ஒரு கணக்கு, மண் தரையில் ஒரு கணக்கு. வெயிலில் வைத்த பந்து எப்படி? ஒருவன் ஐஸ்காரரிடம் கெஞ்சி அவருடைய பெட்டிக்குள் பந்தை வைத்து எடுத்து வந்தான். அது பாதி உயரம்கூட எழும்பவில்லை. குளிர்ந்த ரப்பர் விறைக்கும் என்பதைப் பத்து வயதுப் பையன் பாடத்தில் அல்ல, ஐஸ் பெட்டியில் கண்டுபிடித்தான். ஒரே பந்தை மூன்று முறை போட்டு மூன்று அளவு வந்தபோது எதை எழுதுவது என்று சண்டை வந்தது. சராசரி என்கிற கணக்கு அந்தச் சண்டையில்தான் அவர்களுக்குத் தேவைப்பட்டது. தேவைப்பட்ட பிறகு சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். தேவைப்படும் முன்னால் சொன்னால் ஐந்து வாரம் போதாது.

ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றினால் உறையும், உறைந்ததை ரோலரில் கொடுத்து ஷீட் அடிப்பார்கள் என்பதெல்லாம் எனக்கே அந்தப் பிள்ளைகள் சொல்லித்தான் முழுசாகத் தெரிந்தது. அமிலம் என்ற பாடம் நடத்தும்போது ஒரு பெண்பிள்ளை எழுந்து, ‘டீச்சரே, எலுமிச்சம்பழம் பிழிஞ்சாலும் உறையுமா?’ என்று கேட்டாள். மறுநாள் சிரட்டையில் பால் கொண்டுவந்து அவளே பிழிந்து பார்த்தாள். உறைந்தது. பாடப்புத்தகத்தில் அந்தக் கேள்வி இல்லை.

இப்படிச் செய்வது என் கண்டுபிடிப்பு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1972-இல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 கிராமப் பள்ளிகளில் ஒரு அறிவியல் திட்டம் தொடங்கினார்கள். பிள்ளைகளே செய்து பார்த்து, தாங்களே எழுதிக்கொள்ள வேண்டும். பரீட்சையில் புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதலாம். செய்முறைக்கும் உண்மையான தேர்வு உண்டு. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, புனேயில் லாரி செய்யும் கம்பெனியில் வேலை பார்த்த அரவிந்த் குப்தா 1978-இல் விடுப்பு எடுத்துக்கொண்டு அங்கே போனார். சந்தையில் கிடைத்த சைக்கிள் வால்வ் டியூபைத் துண்டு துண்டாக வெட்டி, தீக்குச்சிகளை அதில் செருகி, முக்கோணமும் சதுரமும் கனசதுரமும் செய்தார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆனால் அந்தத் திட்டத்தை மத்தியப் பிரதேச அரசு 2002-லேயே நிறுத்திவிட்டது. விருதும் கொடுப்போம், வேலையையும் நிறுத்துவோம். நம் நாட்டில் இரண்டும் நடக்கும்.

அந்த வால்வ் டியூப் வித்தையை நான் வருடா வருடம் செய்தேன். குச்சிச் சதுரத்தை ஓரத்தில் அழுத்தினால் சாய்ந்துவிடும். முக்கோணம் சாயாது. வகுப்பிலேயே விட்டுவிட்டேன், விளக்கம் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் சைக்கிள் பார், செல்போன் டவர், ஓட்டுக் கூரையின் கைமரம் என்று முக்கோணம் முக்கோணமாக எண்ணிக்கொண்டு வந்தார்கள். வால்வ் டியூப் இப்போது கடையில் லேசில் கிடைப்பதில்லை, சைக்கிளே மாறிவிட்டது. அது வேறு கதை.

அப்புறம் மாறுதலில் கடற்கரைப் பக்கம் வந்தேன். மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை இருப்பது நம் வாசகர்களுக்குத் தெரியும். அதை ஒட்டி நடக்கும் வழக்கு, போராட்டம், புற்றுநோய்ப் பயம் எல்லாவற்றுக்கும் நடுவில், அந்தக் கருமணலில் என்ன இருக்கிறது என்பது எப்படித் தெரியவந்தது என்ற கதையைப் பிள்ளைகள் கேட்டதே இல்லை. இங்கிருந்து ஜெர்மனிக்குத் தென்னங்கயிறு போய்க்கொண்டிருந்த காலம். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் அந்தக் கயிற்றில் ஒட்டியிருந்த மணலை எடுத்துப் பார்த்தார். தோரியம் என்ற கதிரியக்க உலோகம் உள்ள மோனசைட் கனிமம் இருந்தது. மணவாளக்குறிச்சிக்கே வந்து ஆலை வைத்தார். கயிற்றை உதறிவிட்டுப் போகாமல், ஒட்டியதைப் பார்த்தவர். எட்டாம் வகுப்புக்கு இதைவிட நல்ல அறிவியல் கதை எனக்குத் தெரியாது.

கதை சொல்லிவிட்டு, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தங்களைக் கொடுத்தேன். ரேடியோ ரிப்பேர் கடையில் சும்மா கொடுத்தார்கள். ஒரு பையன் நேராகக் காந்தத்தை மணலில் புதைத்துவிட்டான். கருமணல் தாடி போல அப்பிக்கொண்டது. ஊதிப் பார்த்தான், சுரண்டிப் பார்த்தான், கழுவிப் பார்த்தான், போகவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். அவன் கோபித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் மிக்சர் வாங்கின பாலிதீன் கவரைக் காந்தத்தின் மேல் மாட்டிக்கொண்டு வந்தான். மணல் கவரில் ஒட்டியது. காந்தத்தை உள்ளேயிருந்து உருவினால் மணல் பொலபொலவென்று தாளில் விழுந்தது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அதன்பிறகு எல்லாரும் அவனிடம்தான் கவர் கேட்டார்கள்.

சில மணிகள் காந்தத்தைக் கண்டதும் துள்ளி வந்தன. சில கருப்பு மணிகள், பலமான காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் சோம்பலாக நகர்ந்தன. கருப்பெல்லாம் ஒரே கருப்பு இல்லை என்று அவர்களே சொன்னார்கள். முன்னது மேக்னடைட், பின்னது இல்மனைட் என்று பெயர் சொல்வது என் வேலை. ஆலையிலும் மணலை இப்படித்தான் காந்தம் வைத்தும், மின்சாரத்துக்கு எது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தும் பிரிக்கிறார்கள் என்றபோது, அதே ஆலைக்கு வேலைக்குப் போகிற ஒருவரின் மகள், ‘எங்க அப்பா இதத்தான் செய்றாரா?’ என்று கேட்டாள்.

இனி லென்ஸ் கதை. இதற்காகத்தான் இத்தனை பெரிய கடிதம்.

கடைசியாக நான் வேலை பார்த்த உயர்நிலைப் பள்ளியில் பீரோவின் கதவைத் திறந்தே வைத்தேன். கண்ணாடிச் சாமான்கள் உட்பட. ஆசிட்டும் ஸ்பிரிட் விளக்கும் மட்டும் தனியே பூட்டில். தலைமை ஆசிரியர் நல்லவர், ‘உங்க பொறுப்பு டீச்சர்’ என்றார். அந்த வார்த்தையின் எடை இரண்டு பேருக்குமே தெரியும். பிள்ளைகள் ஜன்னல் வெளிச்சத்தைக் குவிலென்ஸ் வழியாகச் சுவரில் விழவைத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே நிற்கிற தென்னை சுவரில் தலைகீழாகத் தொங்கும். காற்றடித்தால் சுவரில் இருக்கிற தென்னையும் ஆடும். சினிமா மாதிரி வாயைப் பிளந்து பார்ப்பார்கள். அப்போது ஒரு பெண்பிள்ளையின் கையிலிருந்து லென்ஸ் நழுவி, தரையில் விழுந்து, கிட்டத்தட்ட இரண்டு பாதியாக உடைந்தது.

அந்தப் பிள்ளைக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை ரூபாய் என்று கேட்டாள். ரூபாய் இருக்கட்டும், இனி இந்தப் பாதியில் எதைப் பார்க்கலாம் என்று கேட்டேன். பாதி தென்னைதான் தெரியும் என்றது வகுப்பில் பெரும்பகுதி. மேல்பாதியா கீழ்பாதியா என்றுதான் அவர்களுக்குள் தகராறு. விளிம்பு கையைக் கிழிக்காமல் இருக்க இன்சுலேஷன் டேப் ஒட்டி, அவளையே பிடிக்கச் சொன்னேன். சுவரில் முழுத் தென்னை. ஓலை, காய், அடிமரம் எல்லாம் அப்படியே. கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். வகுப்பு அமைதியாகிவிட்டது. பிறகு ஒரே சத்தம்.

லென்சின் ஒவ்வொரு பகுதி வழியாகவும் தென்னையின் எல்லா இடத்திலிருந்தும் ஒளி வருகிறது. பாதி லென்ஸ் என்றால் வருகிற ஒளி பாதி, பிம்பம் முழுசு. இதைப் பலகையில் கோடு போட்டு நான் பல வருடம் நடத்தியிருக்கிறேன். பிள்ளைகளும் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள், நம்பியதில்லை. அன்றைக்கு நம்பினார்கள். லென்சின் மேல் கறுப்புத் தாளை ஒட்டியும் இதைக் காட்டலாம், புத்தகங்களில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் உடைந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ‘என்ன ஆகும்’ என்று கேட்பதில் இருக்கிற படபடப்பு தாளில் வராது.

பதிவேட்டில் இது எப்படி ஏறியது தெரியுமா? ‘குவிலென்ஸ் – குறைவு 1.’ ஓய்வு பெறும் சமயத்தில் கணக்குப் பார்த்தபோது, உடைந்ததற்கான காரணம் திருப்தியாக இல்லை என்று எழுதி வந்தது. வகுப்பில் பயன்படுத்தும்போது உடைந்தது என்பதுதான் நான் எழுதிய காரணம். பயன்படுத்தியதே தப்பு என்பது போல இருந்தது பதில். தொகை பெரிசில்லை, ஒரு டீ, ஒரு பழம்பொரி காசு கொஞ்சம் கூட. கட்டிவிட்டேன். சரி, காசு கட்டிவிட்டேனே, அந்த இரண்டு துண்டையும் நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அது முடியாதாம். முறைப்படி கழிக்கப்படும் வரை அது அரசுச் சொத்தாம். காந்தம் நான்கும் செத்துக் கிடந்தபோது யாருக்கும் எந்தக் காரணமும் திருப்திக் குறைவாக இல்லை. யார் எந்த அலுவலகம் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அவர்களும் விதியில் எழுதியிருப்பதைத்தான் செய்தார்கள். அந்த விதியை மாற்றுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

1939-இல் மரியா மாண்டிசோரி சென்னை அடையாறுக்கு வந்து நம் ஊர் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். மூன்று நான்கு வயதுக் குழந்தைகளுக்கு உடையாத தகரத் தட்டைக் கொடுக்காதீர்கள், நிஜமான பீங்கானும் கண்ணாடியும் கொடுங்கள் என்பது அவர் முறை. உடையும் பொருளைப் பிடித்தால்தான் கை கவனமாகும். அவர் பெயரைப் பலகையில் போட்டுக்கொண்ட பள்ளிகள் இன்று தெருவுக்குத் தெரு இருக்கின்றன. பிளாஸ்டிக் நாற்காலி, பிளாஸ்டிக் சறுக்கு, பிளாஸ்டிக் டம்ளர்.

உடைவது ஒரு சங்கடம் என்றால், பாடவேளை இன்னொன்று. நம் மாவட்டத்தில் பார்க்கக் கிடைக்கிற ஒரு காட்சியைச் சொல்கிறேன். நாகர்கோவில் பக்கத்தில் வருடத்துக்கு இரண்டு நாள், ஏப்ரல் 11-ஐ ஒட்டி ஒன்று, செப்டம்பர் 1-ஐ ஒட்டி ஒன்று, நடுப்பகலில் நேராக நட்ட குச்சிக்கு நிழல் இருக்காது. ஏப்ரலில் பரீட்சை ஜுரம். செப்டம்பரில் மேகம் கருணை காட்ட வேண்டும். அதுவும் கடிகாரத்தில் 12 மணிக்கு அல்ல, கிட்டத்தட்ட 12.20-க்கு. நம் கடிகாரம் ஓடுவது 82.5 டிகிரி தீர்க்கரேகையின் சூரியனுக்கு. நம் ஊர் அதற்கு ஐந்து டிகிரி மேற்கே இருக்கிறது. ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம். இதைப் பலகையில் எழுதாமல், பிள்ளைகளை 11.50-க்கே வெளியே கூட்டிப்போய், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியில் கல் வைக்கச் சொன்னால் அவர்களே சண்டை போட்டுக் கண்டுபிடிப்பார்கள். 12 மணிக்கு நிழல் இன்னும் மேற்கே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து ‘டீச்சர், சூரியன் லேட்டு’ என்று ஒருவன் கத்தியது இன்றும் காதில் இருக்கிறது.

ஆனால் 11.50-லிருந்து 12.30 வரை என்பது இரண்டு பாடவேளையின் நடுவில் விழும். கணக்கு ஆசிரியரிடம் கெஞ்ச வேண்டும், மதிய உணவுக்கு வரிசை நிற்கிற நேரம் தள்ள வேண்டும். அதே நாளில் சென்னையில் ஒரு பள்ளி ஒரு மீட்டர் குச்சியை நட்டால், அந்த ஊரின் நடுப்பகலில் அங்கே சுமார் எட்டரை சென்டிமீட்டர் நிழல் விழும். அந்த எட்டரையையும் இரண்டு ஊருக்கும் உள்ள தெற்கு வடக்குத் தூரத்தையும் வைத்து பூமியின் சுற்றளவையே எட்டாம் வகுப்பு கணக்குப் போட்டுவிடலாம். போனில் பேசி ஒத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. பாடவேளை மணி அடித்துவிட்டால் பூமி பாதியில் நின்றுவிடுகிறது.

மாத்தூர் தொட்டிப் பாலத்துக்கும் இதே நிழல் வித்தையோடு போனோம். பறளியாற்றுக்கு மேலே 28 தூண்களில் நிற்கும் பாலம், 1966-இல் கட்டியது, உயரமான இடத்தில் 115 அடி. குச்சியின் நிழலையும் தூணின் நிழலையும் அளந்து விகிதம் போட்டால் உயரம் வர வேண்டும். வந்த விடை தொண்ணூறு அடியைத் தாண்டவில்லை. தரை சரிவு, நிழல் மேட்டில் ஏறிச் சுருங்குகிறது என்று கண்டுபிடித்தவள், அப்பா கொத்தனார் என்பதால் வீட்டில் டியூப் மட்டம் பிடித்துப் பழகியவள். அடுத்த முறை அவள் அப்பாவையே கூப்பிட்டு, உள்ளே தெரிகிற நீளமான பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் வித்தையை வகுப்பில் காட்டச் சொன்னேன். சட்டை மாற்றிக்கொண்டு கூச்சத்தோடு வந்தவர், போகும்போது ஒரு மணி நேரம் பேசியிருந்தார்.

பெற்றோர் எதிர்ப்பு இருக்காதா என்பார்கள். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலில் நின்ற மாவட்டம் நம்முடையது. படிப்பின் அருமை தெரிந்தவர்கள், அதனாலேயே பயமும் அதிகம். ‘டீச்சரே, இதெல்லாம் பரீச்சைக்கு வருமா?’ என்று கேட்காத பெற்றோர் இல்லை. சில கேள்விகள் வரும், சில வராது என்று உள்ளதைச் சொல்லுவேன். நீட் பயிற்சிக்கு ஆறாம் வகுப்பிலேயே சேர்க்கிற காலத்தில் அது எல்லாருக்கும் திருப்தியாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு சிலர் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றியும் இருக்கிறார்கள்.

சக ஆசிரியர்கள் கேட்பது வேறு. திறந்து வைத்தால் பிள்ளைகள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்களே? போவார்கள். என் ஸ்பீக்கர் காந்தங்களில் பாதி திரும்பவில்லை. மனம் மாறித் திருப்பிக் கொடுத்தார்கள் என்றெல்லாம் கதை கட்ட மாட்டேன். ஆனால் வீட்டுக்குப் போன காந்தம் அங்கேயும் எதிலாவது ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். பீரோவுக்குள் இருப்பதைவிட அது மேல்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமில்லை. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றலில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, அட்டையைத் தாங்களே எடுத்து, சுவரில் தாழ்வாக இருக்கும் தங்கள் பங்குக் கரும்பலகையில் எழுதினார்கள். அந்த உயரம் யாரோ குழந்தையைப் பார்த்து யோசித்த உயரம். 2022 நவம்பரில் ஆறு முதல் எட்டு வரைக்கும் வானவில் மன்றம் வந்தது. கருத்தாளர்கள் பொருள்களோடு பள்ளிக்கு வந்து செய்து காட்டுகிறார்கள், பிள்ளைகளையும் செய்ய வைக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அவர் வந்து போன மறுநாள்தான் ஒரு பிள்ளைக்கு ‘தலைகீழா வச்சா என்ன ஆகும்’ என்று தோன்றும். அன்றைக்குப் பொருள் எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம்.

நாகர்கோவிலில் கோடை விடுமுறையில் ரோபாட்டிக்ஸ் முகாம் என்று விளம்பரங்கள் பார்க்கிறேன். என் பேரனும் போனான். படி ஒன்று, படி இரண்டு என்று போட்ட தாளைப் பார்த்துத் திருகாணி முடுக்கினால் வண்டி ஓடுகிறது. வேறு மாதிரி முடுக்கிப் பார்க்கட்டுமா என்று கேட்டவனிடம், பாகம் தொலைந்தால் காசு கட்ட வேண்டும் என்றார்களாம். பதிவேடு அங்கேயும் வந்துவிட்டது.

புது ஆய்வகம் கட்டுங்கள், புதுப் பெட்டி கொடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? அதோடு சேர்த்துப் பள்ளிக் கல்வித் துறை செய்ய வேண்டியது ஒரு சுற்றறிக்கை. லென்ஸ், தெர்மாமீட்டர், பீக்கர், சோதனைக் குழாய், காந்தம் போன்ற விலை குறைந்த சாமான்களைச் சாக்பீஸ் மாதிரி தீர்ந்துபோகும் பொருள் கணக்கில் சேர்த்துவிடுங்கள். வகுப்பில் உடைந்தால் தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு அன்றைக்கே கழித்துக்கொள்ளலாம், ஆசிரியரிடமோ பிள்ளையிடமோ பிடித்தம் கிடையாது என்று எழுத்தில் கொடுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது அறிவியலுக்கு இரண்டு பாடவேளை அடுத்தடுத்து வரட்டும். தணிக்கைக்கு வருகிறவர்கள் எத்தனை உடைந்தது என்று கேட்பதோடு, ஒன்றுமே உடையவில்லை என்றால் ஏன் என்றும் கேட்கட்டும். இதற்குப் பட்ஜெட்டில் தனியாக ஒதுக்க வேண்டிய தொகை எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. மாவட்டக் கல்வி அதிகாரிகளும் ஆசிரியர் சங்கங்களும் இதற்கு உங்கள் பத்திரிகையிலேயே பதில் எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
திருவட்டாறு, கன்னியாகுமரி மாவட்டம்.